ஞாயிற்றுக்கிழமை வந்த புயல்

பிஜியில் இந்தியர் கை ஓங்கிய அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வந்த முதல் புயல் காலம் அது. நந்தியில் வானிலை அலுவலகத்தில் எனக்கு வேலை. ஜப்பானின் செயற்கைக்கோள் மேலிருந்து படம் அனுப்பும். அதைப் பார்த்து எங்களுக்கு மட்டுமல்ல, சுற்றியிருந்த குட்டித் தீவு நாடுகளுக்கும் நாங்கள்தான் புயல் எச்சரிக்கை எழுதுவோம். பெருமையான வேலைதான். ஆனால் அந்த வருஷம் பாதி நாற்காலிகள் காலி. எங்கள் இந்தியர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கிளம்பிவிட்டார்கள். என் விண்ணப்பமும் போயிருந்தது.

அப்போது இன்னொரு கூத்து. ஞாயிறு கர்த்தருடைய நாளாம். அன்று கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, வயலில் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் விலக்கு. புயலுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது!

அப்படி ஒரு ஞாயிறு காலை, படத்தில் புயல் வடக்குத் தீவிலிருக்கும் லம்பாசா பக்கம் திரும்பியிருந்தது. அங்கே நசியா கடைத்தெருவைத் தாண்டி ஆற்றோரப் பள்ளத்தில்தான் அக்கா வீடும் கரும்பு வயலும். பணியில் இருந்ததோ நானும் பூர்வகுடி பிஜிக்கார நண்பன் ஒருவனும் மட்டும். பக்கத்துத் தீவுகளை நியூசிலாந்து அலுவலகம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. எங்கள் எச்சரிக்கையை ரேடியோவுக்கு அனுப்பிவிட்டு, அக்கா வீட்டுக்கு அடுத்த கடைக்குப் போன் போட்டேன். பூட்டிய கடைக்குப் பின்னால் குடியிருந்தவர் அக்காவைக் கூட்டி வந்தார்.

“மேட்டுக்குப் போங்கக்கா, உடனே” என்றேன்.

“எப்படிடா போறது? இன்னிக்கு சண்டே. போன வாரம் வயல்ல இறங்குனதுக்கே உங்க மாமாவப் போட்டு அடிச்சுட்டானுங்க. ரோட்டுல சாவடி போட்டு அதே ஆளுங்க நிக்கிறானுங்க, புள்ளைங்கள வச்சுக்கிட்டு…” அவள் அழுதுவிட்டாள்.

நண்பன் போனை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, வேறு எண்ணைச் சுழற்றினான். அந்த மேட்டிலிருந்த பிஜிக்காரர் கிராமத்தில் அவனுடைய சித்தப்பாதான் பாதிரியார். சர்ச்சுக்கு அழைக்கும் லாலி முரசை இப்போதே அடித்து, கீழே இருப்பவர்களையும் சர்ச்சுக்குக் கூப்பிடச் சொன்னான். பிறகு என்னிடம் ஹிந்தியில் கேட்டான்:

“சர்ச்சுக்குப் போறவங்கள எவன் தடுப்பான்?”

முரசு நிற்காமல் ஒலித்ததாம். கிராமத்து ஆட்களே இறங்கி வந்து இந்தியர் வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள். பொட்டும் திருநீறுமாக எங்கள் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தார்கள். சாவடியில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

பாதி வழியில் மாமாவுக்குக் காளைகளின் நினைவு வந்துவிட்டது. வழக்கமாக விடிந்ததும் அவிழ்த்து மேட்டில் விடுவார். வாங்கிய அடிக்குப் பயந்து அன்று கொட்டகையிலேயே கட்டிப் போட்டிருந்தார். அக்கா கத்தக் கத்தத் திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஆறு கரையை உடைத்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். அவர் அவிழ்த்துவிட்ட காளைகள் பிழைத்திருந்தன.

அக்காவும் பிள்ளைகளும் இப்போது சிட்னியில் என்னோடு இருக்கிறார்கள். அந்த நண்பனுக்கு நான் எந்த ஜென்மத்திலும் கைம்மாறு செய்ய முடியாது. ஜப்பான் படம் தந்தது, நியூசிலாந்து தோள் கொடுத்தது, நாங்கள் கணித்ததும் தப்பவில்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தன் மாட்டை அவிழ்க்க ஒரு மனிதன் பயந்த நாட்டில் அதெல்லாம் போதவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.