கொல்லாம்பழத்துக்கு இரும்பு ஆகாது

மேசையில் நாலு பேர். நான் ஒருத்தி. பக்கத்தில் என் மகள். அடுத்து அவள் வீட்டுக்காரர். எதிரே ரோஸ்லின், ஒரு காலத்தில் என்னோடு ஐஸ் கடையில் வேலை பார்த்தவள். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில். சாப்பாடு முடிந்ததும் பேப்பர் கப்பில் ஐஸ்கிரீம் வந்தது. உச்சியில் ஒரு சிவப்புச் செர்ரி.

வாயில் போட்டேன். இனிப்பு இருந்தது. பழத்தைக் காணோம்.

ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஏளா, துப்பிராத. கல்யாண வீடு."

துப்பவில்லை. கப் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். அது செர்ரியே இல்லை, களாக்காயைச் சாயத்தில் போட்டு எடுத்தது என்று மகளிடம் சொன்னேன். "எம்மா, ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்றாள். அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அதிகம் பேசுகிற ஆள் இல்லை நான். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

கடை, பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முதலாளியை அண்ணாச்சி என்போம். நான் சேர்ந்தது கப் கழுவ. கால் வைத்த கண்ணாடிக் கப். மூன்று வருஷம் கழுவினேன். இங்கே தண்ணீர் உப்பு. துடைக்காமல் கவிழ்த்தால் கப்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். என் கப்பில் நிற்காது. அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சி உள்ளே கூப்பிட்டு, ஐஸ்கிரீம் மேலே பழம் வைக்கிற வேலையைக் கொடுத்தார். அந்த மேசைக்கு மேலே ஃபேன் உண்டு. கப் கழுவுகிற தொட்டிப் பக்கம் கிடையாது.

பத்து நாள்கூட ஆகவில்லை. ரோஸ்லினின் சித்தப்பா திரேஸ்புரத்திலிருந்து வந்தார். வள்ளம் வைத்திருக்கிறவர். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. பிள்ளைகள் முதல்முதலாக மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், மாலை, விருந்து என்று வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். நூற்றிருபது கப் ஐஸ்கிரீம் கேட்டார், மேலே பழம் வைத்து. அந்த வாரம் பார்த்து மதுரையிலிருந்து செர்ரி டின் வரவில்லை.

"அண்ணாச்சி, எங்கூர்ல கொல்லாம்பழம் கெடக்கு. பாகுல போட்டுத் தாரேன்" என்றேன்.

கொல்லாம்பழம் என்றால் முந்திரிப்பழம்தான். எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடு, தேரி என்போம். கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த வாடை லேசில் போகாது. பஸ்ஸில் பெட்டியை ஏற்றினால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். சட்டையில் சாறு பட்டால் அந்தச் சட்டை அத்தோடு சரி.

அண்ணாச்சியும் அந்தப் பக்கத்து ஆள்தான். அதனால்தான் சிரித்தார்.

"ஏளா, ஆடு திங்குத பழத்தையா விருந்துல வைக்கச் சொல்லுத? தொண்டையக் கமறுமே."

"கமறாது. எங்கம்மை போடுவா."

"கமறிச்சுன்னா?"

"திரும்பக் கப்பு கழுவுதேன்."

சரி என்றுவிட்டார். ரோஸ்லின் என் இடுப்பில் கிள்ளினாள். "எங்க சித்தப்பா வீட்டு விருந்துதான் கெடச்சுதா ஒனக்கு?"

இந்தப் பழத்துக்கு இரும்பு ஆகாது. கத்தி பட்டால் கறுத்துவிடும். உடைமரத்து முள்ளால்தான் சுற்றிலும் குத்த வேண்டும். பிறகு ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊற வேண்டும், கமறல் அதில் இறங்கும். அப்புறம் மண்சட்டி, சீனிப்பாகு, சிறு தீ. அவசரப்பட்டால் பழம் சுருங்கிவிடும். நாலு நாள், தினமும் பாகைக் கொஞ்சம் வற்றவைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். கடைசியில் தேன் நிறத்தில், விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிகிற மாதிரி நிற்கும்.

எல்லாம் தெரியும் எனக்கு. புதன்கிழமை பாகில் போடுகிறபோது மண்சட்டி பத்தவில்லை. அடுப்படியில் பெரிய வாணலி கிடந்தது. கத்தி இரும்பு என்பது புத்தியில் இருந்தது. வாணலியும் இரும்பு என்று தோன்றவே இல்லை. மொத்தத்தையும் அதில் கொட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால் பேனா மை.

ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். "சேசு மரியே! ஏளா, கறுப்பு முத்துன்னு சொல்லிருவோமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி வந்தார், பார்த்தார். கழுவுகிற தொட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குப் பஸ் ஏறினேன். மத்தியானம் ஓலைப்பெட்டி நிறையப் பழத்தோடு திரும்பினேன். பழம் வந்துவிட்டது, நாள் வருமா? முழுப் பழத்தில் அதற்குள் பாகு ஏறாது. மெல்லிசாக அறுத்தால் ஏறும். எதை வைத்து அறுக்க? முள் குத்தும், அறுக்காது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரோஸ்லின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் தங்கூசி. மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு.

"எங்கண்ணன்ட்ட புதுசு வாங்கியாந்தேன். மீன் வாடை இருக்காது. அந்தத் தலைப்பப் பிடி."

ஆளுக்கொரு முனை பிடித்தோம். பழத்தில் வைத்து இழுத்தால் இலை மாதிரி துண்டு விழுந்தது. கறுக்கவில்லை. எங்கள் தேரிப் பழத்தை அவள் கடல் நரம்பு அறுத்தது. துண்டை அன்று ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாளிலிருந்து மண்சட்டிப் பாகில் தவணை தவணையாகப் போட்டு எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கப்பிலும் அஞ்சு இதழ் சுற்றி வைத்து, நடுவில் ஒரு முந்திரிப் பருப்பு வைத்தேன். வெள்ளை ஐஸ்கிரீம் மேலே தேன் நிறத்தில் ஒரு பூ. யாரும் சொல்லித் தரவில்லை. துண்டு இதழ் மாதிரி விழுந்தது, அதனால் பூவாக வைத்தேன். அறுநூறு இதழ். அதில் ஒன்றுகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு சொல்ல ஆளில்லை.

ஒரு துண்டு தின்று பாருங்கள் என்று நீட்டினேன். அண்ணாச்சி கையை ஆட்டினார். "நான் சொல்லி என்ன? கப்பு திரும்பி வரட்டும்."

கப் கழுவுகிறவளுக்குத்தான் தெரியும், யார் எதை ஒதுக்கினார்கள் என்று. செர்ரி வைத்த காலத்தில் பாதிக் கப்பில் செர்ரி கிடக்கும். சாயங்காலம் கப்பெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அண்ணாச்சி தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"எண்ணு. பழத்த மிச்சம் வச்ச கப்பு எத்தன?"

எண்ணிச் சொன்னேன். அவரும் ஒரு தடவை எண்ணினார்.

"அடுத்த வாரம் ஒரு பெட்டி கொண்டாந்துரு" என்றார். ஃபேனுக்குக் கீழே போனவள்தான். பதினாறு கோடை அங்கேயே இருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அண்ணாச்சி இல்லை. கால் வைத்த கண்ணாடிக் கப் எங்கேயும் இல்லை. பேப்பர் கப்பைக் கழுவ ஆள் வேண்டாம். யார் என்ன மிச்சம் வைத்தார்கள் என்று பார்க்கவும் யாரும் வருவதில்லை. மண்டபத்து வாசலில் டிரம் வைத்திருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் கப்பைப் போட்டோம். நாலிலும் செர்ரி கிடந்தது.

"ஏளா, அன்னைக்கு எத்தன கப்புல மிச்சம் கெடந்துச்சு? மறந்துட்டியா?" என்றாள் ரோஸ்லின். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மறப்பேனா.

நூற்றிருபதில் ஒன்று.