ஏலக்காய் இல்லாத டீ

போடியில் எந்தத் தின்பண்டத்துக்கு மவுசு போய்விட்டது என்று தெரிய வேண்டுமானால் சுருளி கடைப் போர்டைப் பார்த்தால் போதும். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, சுருளியேதான். ஷவர்மாவை ஊர் மறந்த மாதம்தான் அவன் அதற்குக் கம்பி வாங்கினான். மோமோ அவிக்கும் பாத்திரம் வந்து இறங்கிய வாரம், கூட்டம் தந்தூரி டீக்குத் தாவியிருந்தது. அந்த டீயை அவன் பழகி முடிப்பதற்குள், வாங்கிய மண்குவளைகளில் எறும்பு குடியேறிவிட்டது.

"நான் கை வச்சாப் போதும், அந்தப் பண்டம் மூட்டையக் கட்டிரும்" என்று சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சிரிப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே.

வீட்டில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. மனைவி கற்பகத்துக்கு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் சோலி. கடை இருந்த இடம் அவள் அண்ணனுடையது.

"இன்னும் ஒரே ஒரு தடவதான். அதுவும் படுத்துச்சுன்னா சாவிய எங்கண்ணங்கிட்டக் குடுத்துட்டு, ஜீப்புல ஏறி மலைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருங்க" என்றாள்.

மலையேறுவதற்குக்கூடச் சுருளி பயப்படவில்லை. 'கடைக்காரரே' என்று கூப்பிடுகிற நாலு பேர் இனி என்னவென்று கூப்பிடுவார்கள்?

அந்தச் சமயம் பக்கத்து மலையில் குரங்கணிக்குச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஏலக்காய் டீயைப் படம் பிடித்துப் போட, எல்லார் போனிலும் அதே பேச்சு. இந்த முறை விடக்கூடாது என்று சுருளி காயைக் கைநிறையத் தட்டிப் போட்டு, 'மலை ஏலக்காய் டீ' என்று போர்டு மாட்டினான். கடைக்கு எதிரேதான் கற்பகம் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோர்.

பதினோரு மணிக்கு ஸ்டோர்ப் பெண்கள் நாற்பது பேர் டீ குடிக்க வந்தார்கள். முதலில் வந்த சுந்தரம்மாள் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்தாள்.

"அண்ணே, விடிஞ்சதுலருந்து இந்த வாடையிலதான் கெடக்கோம். சேலையில, முடியில, திங்கிற சோத்துல எல்லாம் இதேதான். இங்கயுமா?"

நாற்பது பேரும் திரும்பிப் போனார்கள். சுருளி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ஏலக்காய் வாசம் வீசும் கற்பகத்தின் தலைமுடிக்குப் பக்கத்தில் இருபது வருஷமாகப் படுத்து எழுந்திருக்கிறான். அவன் புத்தியில் இது உறைக்கவில்லை. உலகத்திலேயே ஏலக்காய் வேண்டாம் என்கிற நாற்பது பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கே விற்கப் பார்த்திருக்கிறான். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மூன்று மணி டீக்கு வெறும் இஞ்சியைத் தட்டிப் போட்டான். பத்துப் பேர் வந்தார்கள். மறுநாள் நாற்பது பேரும் வந்தார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஸ்டோர்க்காரர்களும் சேர்ந்துகொள்ள, பால் போதவில்லை.

கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் வெட்கப்பட்டு அதுவரை கடைப் பக்கமே எட்டிப் பார்க்காத கற்பகம், ஒருநாள் கூட்டத்தின் கடைசியில் வந்து நின்றாள். சுருளி டீயை ஆற்றி நீட்டினான். அவள் நிதானமாகக் குடித்துவிட்டு வெறும் கிளாஸை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க."

சுருளிக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கே பெயிண்டரக் கூப்பிடுறேன். 'ஏலக்காய் இல்லாத டீ'ன்னு பெருசா ஒரு போர்டு..."

"போர்டு வச்சீங்க, சாவிய நானே அண்ணங்கிட்டக் குடுத்துருவேன்" என்றாள் கற்பகம்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த முறை சுருளியால் முந்திக்கொள்ள முடியவில்லை.