பாஸுமில்லை, பெயிலுமில்லை

அந்த வருடம் வெள்ளவத்தையில் என்னைக் கண்ட ஒருவரும் சுகம் விசாரிக்கவில்லை. "ரிசல்ட் வந்ததோ?" என்றுதான் கேட்டார்கள். பால்காரன் கேட்டான். ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிறவர் கேட்டார். மூலைக்கடை முதலாளி பருப்பை நிறுத்துக்கொண்டே, "நோனா பாஸ்த?" என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, இன்னும் வரவில்லை என்றால், "ஐயோ பாவம், பெயிலா!" என்று உச்சுக்கொட்டுவார்கள். அட கோதாரியே! வரவில்லை என்றால் வரவில்லை. அதற்குள் பெயில் எங்கிருந்து வந்தது?

நான் எழுதியது லண்டன் பரீட்சை. யுத்தகாலம். கொழும்பில் ஒரு மண்டபத்தில் வியர்க்க வியர்க்க எழுதிக் கொடுத்த விடைத்தாள்களைக் கட்டி அரக்கு வைத்துக் கப்பலேற்றினார்கள். எந்தக் கப்பல், எந்த வழி, எப்போது போய்ச் சேரும் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கொழும்பில் குண்டு விழுந்தபோது பாதி வெள்ளவத்தை யாழ்ப்பாண ரயிலில் ஏறிவிட்டது. நாங்கள் போகவில்லை. ரிசல்ட் வந்தால் வாங்க ஆள் வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன்.

அந்த ரிசல்ட்டில்தான் என் சீவியமே தொங்கியது. அப்பா எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "பாஸ் பண்ணினால் படிப்பிக்கப் போ, நான் மறிக்கமாட்டன். பெயில் எண்டால் தெஹிவளை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு." தெஹிவளை மாப்பிள்ளையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த இடத்தில் வடை நல்லாயிருக்கு என்று வடையிடமே சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், பாஸ் பண்ணினால் ஆங்கிலம் படிப்பிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சையில் தர்க்கமும் ஒரு பாடம். பாடப்புத்தகத்தின் கடைசியில், பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் ஒதுக்கிய ஓர் அத்தியாயம் இருந்தது. ஒதுக்கியதைத்தான் நான் முதலில் படிப்பேன், அது என் பிறவிக் குணம். பழைய கிரேக்கன் ஒருவன் கேட்டானாம்: "நாளைக்குக் கடற்சண்டை நடக்கும்" என்ற பேச்சு இன்றைக்கு உண்மையா, பொய்யா? உண்மை என்றால் சண்டை நடந்தே தீரவேண்டும். பொய் என்றால் நடக்கவே முடியாது. அப்படியானால் தளபதி எதற்கு மண்டையை உடைக்கிறான்? பேசாமல் படுத்துத் தூங்கலாமே! இதற்கு எங்கள் காலத்துப் போலந்துக்காரர்கள் வழி கண்டார்கள். உண்மை, பொய் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடம் வைத்தார்கள்: இன்னும் தீராதது. தீராத ஒன்றை இல்லையென்று மறுத்தாலும், அந்த மறுப்பும் தீராததுதான். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இந்த விசர்ப் புல்லரிப்பை வீட்டில் அவிழ்த்துவிட்டதுதான் வினை.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். ஒருநாள் சோற்றுக் கோப்பையின் முன்னால் தொடங்கினார்.

"நீ பாஸோ?"

"தெரியாது."

"அப்ப பாஸ் இல்லை. பாஸ் இல்லையெண்டால் பெயில். தெஹிவளைக்குச் சொல்லிவிடுறன்."

"நான் பெயிலோ அப்பா? பெயில் எண்டு ஆர் சொன்னது? பெயில் இல்லையெண்டால் பாஸ் எண்டு நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"எழுதினது எழுதினதுதானே. சரியா எழுதியிருந்தால் பாஸ், பிழையா எழுதியிருந்தால் பெயில். அது இப்பவே முடிஞ்ச விஷயம்."

"திருத்தினால்தானே முடியும்? திருத்துறவன்ர கைக்குப் போகாத தாளுக்குப் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. நடுவில நிக்குது."

"எங்கட கந்தோர்க் கணக்கில கப்பல் வந்தது, இல்லாட்டி வரேல்லை. நடுவில ஒண்டும் இல்லை."

"நடுவில மிதக்கிறதுதானே அப்பா கப்பல்!"

அம்மா அகப்பையை வைத்துவிட்டு, "மதில் மேல பூனைக்கு ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ, சோறு ஆறுது" என்றாள். இந்தச் சண்டை மாதக்கணக்காக நடந்தது. தொண்டைத் தண்ணீர் வற்ற நான் கத்துவேன், அவர் பல்லுக் குத்திக்கொண்டு, "பாஸ் இல்லையெண்டால் பெயில்" என்பார். சுவரோடு முட்டியிருந்தால் சுவராவது கொஞ்சம் உதிர்ந்திருக்கும்.

அந்த நேரத்தில் அம்மா ஒரு வேலை பார்த்தாள். நான் பாஸ் பண்ணினால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்திருந்தவள், பொறுமை கெட்டு ஒரு வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் முன்கூட்டியே உடைத்துவிட்டாள். "முதலே குடுத்திட்டன். இனி அவர் தராமல் விடேலாது" என்று என்னிடம் விளக்கம் வேறு! எங்கள் சனத்தில் காரியம் முடிந்த பிறகுதான் நேர்த்தி தீர்ப்பார்கள். கோயிலில் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பாஸ் என்றால் தேங்காய், தேங்காய் உடைந்துவிட்டது, ஆகவே பாஸ். தர்க்கப் புத்தகத்தில் முதல் பத்துப் பக்கத்துக்குள் வருகிற பிழை! பொழுதுபடுவதற்குள் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு வாழ்த்து. எதிர்வீட்டு மாமி கற்கண்டோடு வந்தா. மூலைக்கடை முதலாளி பருப்பில் ஒரு பிடி கூடப் போட்டார். இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "எவ்வளவு அடக்கம் பார்" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

கதை கொட்டாஞ்சேனை வரை போய், திங்கட்கிழமை வரச்சொல்லி மடத்திலிருந்து ஆள் வந்தது. ரயிலில் கோட்டைக்குப் போய், டிராம் பிடித்து, சேலைக் கரையெல்லாம் புழுதியாகப் போய்ச் சேர்ந்தேன். தலைமைக் கன்னியாஸ்திரி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றா. வகுப்பறையைக் காட்டினா. கரும்பலகை கூடத் துடைத்து வைத்திருந்தது. பேசாமல் உள்ளே போயிருக்கலாம். வாய் சும்மா கிடந்தால்தானே!

"மதர், ரிசல்ட் இன்னும் வரேல்லை."

அவ திகைத்துப்போனா. "அப்ப ஏன் பிள்ளை தேங்காய் உடைச்சது?"

கர்த்தரே! கழுத்தில் சிலுவை போட்டவவுக்கும் அதே கணக்குத்தான். பாஸ் என்று தெரிந்த பிறகு வரச்சொன்னா. அதுவரை இடத்தை வைத்திருப்பதாகவும், ஆனால் கனகாலம் வைத்திருக்க ஏலாது என்றும் சொன்னா. நல்ல மனுசி, அவவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது டிராமில் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்டக்டர் என்னிடம் மிச்சக் காசு தரவே பயந்தான்.

கடைசியில் பரீட்சைக் கந்தோரில் அறிவித்தல் ஒட்டினார்கள். விடைத்தாள்கள் போன கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. எழுதிய எல்லாரும் அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டும். மடத்திலிருந்தும் செய்தி வந்தது: அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

இனித் தெஹிவளைதான் என்று நினைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தேன். அப்பா கந்தோரால் வந்து, கோட்டைக் கழற்றாமலே எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். முகத்தில் அப்படி ஒரு கனிவை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"பிள்ளை, நான் வழியெல்லாம் யோசிச்சுக்கொண்டு வந்தனான். நீ சொன்னதுதான் சரி. ஆரும் திருத்தாத தாளுக்கு நீ பெயில் எண்டு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? தெஹிவளைக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அவரைக் கட்டிப்பிடிக்க எழும்பினேன்.

"இரு, இன்னும் முடியேல்லை. பெயில் இல்லை, ஆனபடியா கலியாணம் இல்லை. பாஸும் இல்லை, ஆனபடியா வேலைக்கு எண்டு படியிறங்கிற கதையும் இல்லை. வேற பள்ளிக்கூடம் கேட்டுத் திரியாதை. நடுவில ஓர் இடம் இருக்கெண்டு எனக்கு விளங்கப்படுத்தினது நீதானே? அதில இரு."

மாதக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தி நான் வென்ற வாதம். மகளை ஒருவழியாக விளங்கிக்கொண்ட சந்தோஷத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் போய் அம்மாவிடம் வெங்காயம் கேட்டேன்.

"கறியெல்லாம் முடிஞ்சுது. இப்ப என்னத்துக்கடி வெங்காயம்?"

"அழ" என்றேன்.