பங்குக் கிணறும் ஆலோசனைக் கொம்பனியும்

ஒரு திங்கட்கிழமை காலை நான் கந்தோருக்குள் நுழையும்போதே தவமணி அக்கா என் மேசைக்கு முன்னால் காத்திருந்தார். அளவெட்டிப் பக்கம் மூன்று பரப்புக் காணியில் சின்ன வெங்காயம் செய்பவர். கணவர் இல்லை, தோட்டம்தான் சீவியம். கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சேர், என்ரை கிணத்தை மூடிப்போட்டினமாம். உண்மையோ?”

வாங்கிப் படித்தேன். நிலத்தடி நீரைப் பாதுகாக்கும் பொருட்டு அவரது கிணறு நிரந்தரமாக மூடப்பட்டதாம். ஆகவே நீர் இறைக்கும் இயந்திரத்துக்கான மானிய மண்ணெண்ணெய் இனிக் கிடையாதாம். ஒத்துழைப்புக்கு நன்றியாம். எங்கள் திணைக்களத்துக் கணினி அனுப்பிய குறுஞ்செய்தி.

“ஆர் வந்து மூடினது அக்கா?”

“ஒருத்தரும் வரேல்லை. இப்பவும் அங்கை மெசின் ஓடுது. மற்ற எட்டுப் பேரும் அதே கிணத்திலைதான் இறைக்கினம். எனக்கு மட்டும் மூடிக்கிடக்காம்.”

அவருடைய வெங்காயம் அப்போதுதான் தாள் விட்டு நின்றது. அந்த வெயிலில் இரண்டு இறைப்புத் தவறினால் பயிர் படுத்துவிடும். ஒரே கிணறு எட்டுப் பேருக்குத் திறந்தும் ஒருவருக்கு மூடியும் இருப்பது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். எந்தத் திணைக்களம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது, அது அப்படியே வரட்டும்.

1. எட்ஜ் கேஸ்

மானிய மண்ணெண்ணெயைக் கணினி மூலம் பங்கிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. கொழும்பில் உள்ள ஓர் ஆலோசனைக் கொம்பனிக்கு வேலை போனது. கொடுத்த தொகையில் எங்கள் பிரிவில் எத்தனை கிணறு வெட்டலாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். மனம் கெட்டுப்போகும் என்று பாதியில் விட்டுவிட்டேன்.

அறிமுகக் கூட்டத்துக்குக் கொம்பனியின் ஆலோசகர் வந்திருந்தார். மடிப்புக் குலையாத சேர்ட், நல்ல சுபாவம், எல்லாவற்றுக்கும் ஒரு படம் வைத்திருந்தார். ஒரு கிணறு, ஒரு உரிமையாளர், ஒரு தொலைபேசி இலக்கம். அதுதான் திட்டம். நான் கையை உயர்த்தினேன்.

“தம்பி, எங்கடை பக்கத்திலை கனக்கப் பங்குக் கிணறு. ஒரு கிணத்திலை ஒன்பது பேருக்குப் பங்கு இருக்கும். காணி உறுதிப் பத்திரத்திலையே எழுதிக் கிடக்கும். இண்டைக்கு இவரின்ரை முறை, நாளைக்கு அவரின்ரை முறை எண்டு இறைப்பினம்.”

“சேர், அது எட்ஜ் கேஸ். பிறகு பாத்துக்கலாம்.”

எட்ஜ் கேஸ் என்றால் எங்கோ ஓரத்தில் அபூர்வமாக நடப்பது என்று பக்கத்தில் இருந்த கௌசி விளக்கினார். கௌசி எங்கள் திணைக்களத்துக் கணினி உத்தியோகத்தர். பட்டம் பெற்றவர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை பிரிண்டருக்கு ரோனர் மாற்றுவது.

“உரிமையாளர் பெயருகளைக் கணினியிலை வேறை அட்டவணையிலை போட்டால் சரி சேர். ரெண்டு நாள் வேலை. நானே செய்வன்,” என்றார்.

எங்கள் திணைக்களப் பணிப்பாளர் பதறிப்போனார். “பிள்ளை, அதிலை கை வையாதை! புரோகிராம் கொம்பனியின்ரை சொத்து. ஒப்பந்தத்திலை கிடக்கு.”

காசு கொடுத்தது நாங்கள். ஆனால் தொடக்கூடாதவர்களும் நாங்கள்தான். திருத்த வேண்டுமென்றால் ‘சேஞ்ச் ரிக்குவெஸ்ட்’ போட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். கொம்பனி அனுப்பிய விலையைப் பணிப்பாளர் ஒருமுறை வாசித்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாசித்தார்.

2. இலவச யோசனை

பணிப்பாளர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து மன்றாடினார். ஆலோசகருக்கு மனம் இளகியது.

“சேர், செலவில்லாம ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொரு கிணறா என்டர் பண்ணுங்க. சிஸ்டம் எடுத்துக்கும்.”

அந்த வேலைத்திட்டம் முழுவதிலும் கொம்பனி காசு வாங்காமல் சொன்னது அது ஒன்றுதான். நாங்களும் அப்படியே பதிந்தோம். அளவெட்டிக் கிணறு ஒன்பது கிணறானது. மகளின் பிரசவத்துக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் நின்றதால் தவமணி அக்கா கடைசியாக வந்து பதிந்தார். பொய் சொல்லக்கூடாது, அந்தப் போகம் எல்லோருக்கும் எண்ணெய் ஒழுங்காகக் கிடைத்தது.

3. சிவப்புப் படம்

கொழும்பில் இருந்தவர்களின் திரையில் எங்கள் பகுதிக் கிணறுகள் குட்டி போட்டுப் பெருகின. முதலில் பாராட்டு வந்தது. பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு யாருக்கோ பயம் பிடித்தது. இவ்வளவு கிணறு இருந்தால் குடாநாட்டுத் தண்ணீர் என்னாவது? உடனே ஓர் ஆய்வு. ஆய்வுக்கு இன்னோர் ஆலோசனைக் கொம்பனி. கூட்டத்துக்கு வந்தவரைப் பார்த்தால் அதே ஆலோசகர், அதே சிரிப்பு.

“இது எங்கட சிஸ்டர் கம்பனி, சேர்.”

தண்ணீர் வற்றும் இடங்கள் என்று திரையில் எங்கள் ஊர்கள் இரத்தச் சிவப்பாக இருந்தன. “தோட்டங்களுக்குப் போய்ப் பாத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“டேட்டா இருக்கே சேர்.”

“அந்த டேட்டாவை அப்பிடிப் போடச் சொன்னதே நீங்கள்தானே தம்பி?”

“அது முந்தின ப்ராஜெக்ட் சேர்,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். எனக்கு அவரில் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு தெளிவாகச் சொன்னார்.

ஆய்வின் முடிவு இதுதான். ஓரிடத்தில் எட்டுக் கிணறு வரை இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் கடைசியாகப் பதிந்ததை மூட வேண்டும். மூடுவதற்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார்கள், தவமணி அக்காவின் தொலைபேசியில் மணி அடித்தது.

4. ஒன்பதாவது ஆள்

அன்று நான் உண்மையிலேயே கொதித்துப்போய்ப் பணிப்பாளரின் அறைக்குள் போனேன்.

“சேர், உது ஒரே கிணறு. ஒன்பதில்லை எண்டு மேலை எழுதுவம்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கதைத்தார். “எழுதலாம். ஒரு கிணறு எண்டால் ஒரு ஆளுக்குத்தான் எண்ணெய். மற்ற எட்டுப் பேருக்கு ஏன் குடுத்தனீங்கள் எண்டு கணக்காய்வு வரும். ஒருத்தியைக் காப்பாத்தப் போய் எல்லாரின்ரை எண்ணெயும் நிண்டு போகும். என்ன செய்யச் சொல்லுறீர்?”

வெளியே வந்து தவமணி அக்காவிடம் உள்ளபடி சொன்னேன்.

“அப்ப எழுதாதேங்கோ சேர். என்னாலை அவையின்ரை தோட்டம் காயக்கூடாது.”

கிணற்றுப் பங்காளிகள் தங்கள் எண்ணெயில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்கே மட்டுமட்டு. கடையில் முழு விலைக்கு வாங்க அக்காவுக்குக் கட்டாது. நான் போய்ப் பார்த்த அன்று பாதிப் பாத்தி தாள் நுனி கருகிக் கிடந்தது. பத்தடி தள்ளிப் பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எழுதும் கடிதங்களில் அதை எந்த இடத்தில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

5. இரண்டாம் கட்டம்

முறைப்பாடுகள் பல ஊர்களிலிருந்தும் குவிந்த பிறகு, ஒரு கிணற்றுக்குப் பல உரிமையாளர்களைப் பதியும் வசதி செய்யப்படும் என்று அறிவித்தார்கள். கௌசி இரண்டு நாளில் செய்வேன் என்ற அதே வேலை. இப்போது அதன் பெயர் ‘இரண்டாம் கட்டம்’. புதிய ஒப்பந்தம், பழைய கொம்பனி. பழைய பதிவுகளையும் அவர்களே திருத்தித் தருவார்களாம். என் ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னர்தான் புதிய திரையைக் காட்டினார்கள். உரிமையாளர் பெயருக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன.

“ஒன்பதாவது ஆளை எங்கை போடுறது?” என்று கௌசி கேட்டார்.

“அந்த ஆய்வு ரிப்போர்ட்ல எட்டுதான் மேக்சிமம், மிஸ். அதன்படிதான் செஞ்சிருக்கோம்,” என்றார் ஆலோசகர்.

அடுத்த போகம் தவமணி அக்கா தன் நிலத்தைத் தரிசாக விட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவரைக் கண்டேன்.

“கொம்பியூட்டரைத் திருத்தியாச்சோ சேர்?”

“ஓம் அக்கா. எட்டுப் பேருக்கு இடம் விட்டிருக்கினம்.”

பிடுங்கிய புல்லின் மண்ணை உதறி வரம்பில் போட்டார். “பரவாயில்லை. எட்டு வரையாவது எண்ணியிருக்கினம்,” என்று சிரித்தார்.

புதிதாக உத்தியோகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு மென்பொருளை ஏற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னர் கொம்பனிக்காரரை ஒருமுறை கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வர நேரமில்லை என்றால், கையெழுத்துப் போடவும் நேரமில்லை என்று சொல்லுங்கள். எங்கள் கந்தோரில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. தவமணி அக்கா தன் பங்குக் கிணற்றுத் தண்ணீர் பாயும் அடுத்தவர் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கிறார்.