இரண்டு கை பட்ட தொப்பி

ஜுவேரியா குளிர்காலத் தொப்பிகளை வடிவமைப்பவர். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தொன்றில், மேற்கு வெயில் நேராக உள்ளே விழும் இரண்டாம் மாடி வீட்டில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறார். தொப்பியை அவர் விற்பதில்லை. ஒரு தொப்பியை எப்படிப் பின்ன வேண்டும் என்று வரிவரியாக எழுதி, படம் சேர்த்து, அந்தக் குறிப்பை இணையத்தில் விற்கிறார். ஸ்காட்லாந்திலும் பின்லாந்திலும் யாரோ அதை வாங்கித் தங்கள் கையால் பின்னிப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் குளிர் வருவதற்குள் பின்னி முடிக்க வேண்டுமானால் குறிப்பு ஆகஸ்டிலாவது வெளிவர வேண்டும். அதனால் ஜுவேரியாவின் கம்பளி வேலையெல்லாம் சித்திரை, வைகாசியில்தான் நடக்கும். கை வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பக்கத்தில் பவுடர் டப்பா வைத்திருப்பார்.

சாந்தோமில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தபோது கைவேலை வகுப்பில் பின்னல் கற்றார். கல்லூரியில் கணிதம் படித்தார். இரண்டும் சேர்ந்து ஒரு தொழிலாகும் என்று அப்போது தோன்றியதில்லை. கொரோனா அடைப்பின்போது, கணவர் அன்வர் பாஷாவின் கார் சீட் கவர் தைக்கும் கடை மூடிக் கிடந்த மாதங்களில், பொழுது போகாமல் முதல் குறிப்பை எழுதினார். அது விற்றது. அடுத்ததும் விற்றது. கைக்குழந்தையின் தலையிலிருந்து பெரிய ஆண் தலை வரை ஐந்து அளவுகளுக்கும், ஊசியில் விழும் நூல் வளையங்களான கண்ணிகளைக் கணக்குப் போடுவது அவருக்குப் பிடித்த வேலை. முடித்த தொப்பியைத் தெர்மாகோல் தலை ஒன்றில் மாட்டி மொட்டைமாடியில் படம் எடுப்பார். அவர் இதுவரை போன குளிர்ப் பிரதேசம் ஏற்காடு. அதுவும் மே மாதத்தில்.

அவர் குறிப்புகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே பாராட்டி எழுதுவார்கள். தொப்பி மென்மையாக இருக்கிறது, தலையில் துணி மாதிரி படிகிறது என்பார்கள். அதற்குக் காரணம் அவர் கை. ஜுவேரியா நூலை இழுத்துப் பிடிக்க மாட்டார். கண்ணிகள் தளர்வாக, ஒரே அளவாக விழும். அந்தத் தளர்வு கிடைக்கும்படிதான் குறிப்பிலும் ஊசியின் அளவைச் சொல்லுவார். பள்ளியில் கைவேலை டீச்சர் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டியதும் அந்தக் கையைத்தான்.

சனிக்கிழமை தோறும் தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் உல்லன் நூல் கடையின் மாடியில் வகுப்பு எடுத்தார். கடைக்காரர் தனபாலன் இடத்தை இலவசமாகக் கொடுத்தார். வகுப்புக்கு வருகிறவர்கள் கீழே நூல் வாங்குவார்கள் அல்லவா. வகுப்பு எப்போதும் நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு தொப்பியை முடித்துக்கொண்டுதான் போனார்கள். ஆனால் ஒருவராலும் அடுத்த தொப்பியை வீட்டில் தனியாக ஆரம்பிக்க முடியவில்லை. மறுபடி வகுப்புக்கே வந்தார்கள். தனபாலனுக்கு அதில் சந்தோஷம்தான். ஜுவேரியா தன் வகுப்பு அவர்களுக்குப் பிடித்திருப்பதால் வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையில் நடந்தது வேறு. யாராவது ஒரு கண்ணியைத் தவறவிட்டால் ஜுவேரியாவுக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேசையைச் சுற்றி வந்து, இங்கே கொடுங்க என்று ஊசியை வாங்குவார். பிழையைச் சரிசெய்வார். கை ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் பின்னிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பேச்சும் அதே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கற்க வந்தவர்கள் அவர் விரல்களைப் பார்த்து வியந்துவிட்டு, வளர்ந்திருக்கும் தொப்பியை வாங்கிக்கொள்வார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நவம்பரில் ஜெயலக்ஷ்மி வகுப்பில் சேர்ந்தார். மயிலாப்பூர்க்காரர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் கனடாவிலுள்ள கால்கரிக்குப் போக இருந்தார். தலைக்கு வேண்டியதைத் தானே பின்னிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வகுப்பில் எல்லோரும் அவரை மாமி என்றே கூப்பிட்டார்கள்.

மாமியின் கை ஜுவேரியாவின் கைக்கு நேர் எதிர். நூலை ஒவ்வொரு கண்ணிக்கும் வெடுக்கென்று இழுப்பார். ஊசி நுழைய இடமில்லாமல் கிறீச்சிடும். வாரத்துக்கு இரண்டு விரல் அகலம்கூட வளராது. தளர்த்திப் போடுங்கள் என்று ஜுவேரியா எத்தனை முறை சொன்னாலும், தளர்த்தினால் நழுவிவிடுமோ என்று மாமிக்குப் பயம். டிசம்பர் முடிவதற்குள் விளிம்பும், காதை மூடும் பகுதியும்தான் வந்திருந்தன. விமானத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஜுவேரியா அதை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து மேல்பாதியைப் பின்னி, உச்சியை மூடிக் கொடுத்தார். மாமி நன்றி சொன்னார். கொஞ்சம் முகம் வாடினாற்போலவும் இருந்தது. ஜுவேரியா அதைக் கவனித்தார், ஆனால் அடுத்தவர் ஊசியை நீட்டிவிட்டார்.

ஜனவரி நடுவில் ஒரு காலை மாமியிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே முந்தைய நாளின் சாயங்காலம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாமி கேமராவுக்கு நேரே விளக்கில் பிடித்தார். தொப்பியின் நடுவில் ஒரு கோடு சுற்றிலும் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே இருட்டாக இருந்தது. மேலே சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தது.

"மேல உன் கை. கீழ என் கை. என் கை பட்ட எடத்துல காத்து வரலை, ஜுவேரியா. உன்னோடதுல வரது. வெளில போனா மண்டை விண்விண்ணுங்கறது. குத்தமா சொல்லலை. நீ இந்த ஊர்க்காராளுக்குத்தானே எழுதறே, தெரிஞ்சுண்டா நல்லதுன்னு தோணித்து."

ஜுவேரியா சரி மாமி என்றார். புதிதாகப் பிறந்திருந்த பேரனைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்குச் சமையலில் இரண்டு முறை உப்புப் போட்டார் என்று அன்வர் பாஷா பிறகு சொன்னார். ஊசி பிடிக்கத் தெரியாத ஒருவரின் பின்னல் தன்னுடையதைவிடக் கதகதப்பாக இருக்கிறது என்பதை அவரால் முதலில் ஏற்க முடியவில்லை. நூல் மட்டமாக இருக்கலாம், மாமி குளிருக்குப் பழகாதவர், என்றெல்லாம் கணவரிடம் சொல்லிப் பார்த்தார். அன்வர் பாஷா சாப்பிட்டு முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் குளிரில் போய் நின்று பார்த்துவிடலாமே என்றார். ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் உறைபதன உணவுக் கிடங்கின் வேன்களுக்கு அவர்தான் சீட் கவர் தைத்திருந்தார். அங்கே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

கிடங்கில் அனுமதி கொடுத்தார்கள். ஜுவேரியா இரண்டு தொப்பிகள் எடுத்துப் போனார். ஒன்று அவர் வழக்கமாகப் பின்னுவது. இன்னொன்று அதே நூலில், மெல்லிய ஊசியால், மாமியைப்போல இழுத்து இழுத்துப் பின்னியது. பின்னி முடிப்பதற்குள் அவருக்கு விரல் வலி எடுத்திருந்தது. தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவின் மேலேயே முதல் தொப்பியை மாட்டிப் பார்த்தார். அது சரியான சோதனை ஆகாது என்று உடனே புரிந்தது. துப்பட்டாவை அவிழ்க்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அவர் கிடங்குக்காரரிடம் பேசி ஆண்களை வெளியே நிறுத்தினார். தானும் கதவுக்கு வெளியில் நின்றுகொண்டார். துணைக்குச் சொர்ணம் என்ற பெண் உள்ளே வந்தார். பாக்கெட்டுகளை அடுக்கும் வேலையில் இருப்பவர், பெரும்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இரண்டு ஜெர்க்கின் கொண்டுவந்து ஒன்றை ஜுவேரியாவுக்கு மாட்டிவிட்டார்.

உள்ளே மேலிருந்து பெரிய மின்விசிறிகள் குளிர்காற்றை அடித்துக்கொண்டிருந்தன. ஜுவேரியா துப்பட்டாவை அவிழ்த்து, தன் வழக்கமான தொப்பியைப் போட்டுக்கொண்டு விசிறிக்கு நேராக நின்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உச்சந்தலையில் யாரோ பனிக்கட்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. நெற்றி வலித்தது. மூச்சு புகையாக வந்தது. சொர்ணம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, எம்மாந்நேரம் நிப்ப? காது மரத்துப்பூட்ச்சின்னா அப்புறம் நோவே தெரியாது. வா வெளிய."

இன்னொரு தொப்பி இருக்கிறது என்றார் ஜுவேரியா. மாற்றிப் போட்டுக்கொண்டார். அதில் குளிர் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காற்று உள்ளே வரவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று தொப்பியில் பட்டுப் போய்விட்டது. அவருக்குப் போதுமான விடை கிடைத்துவிட்டது.

வெளியே வந்து டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கணவரிடம் உருதுவில், இத்தனை வருஷமாக அழகுக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். அன்வர் பாஷா, அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், பிடித்ததால்தானே என்றார். ஜுவேரியாவுக்கு அதில் சமாதானம் வரவில்லை. ஆனால் வழியெல்லாம் அவர் மனம் கண்ணிக் கணக்கில் இறங்கிவிட்டது. மெல்லிய ஊசி என்றால் கண்ணிகள் அதிகம் வேண்டும். ஐந்து அளவுக்கும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

மாமியை அழைத்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். வேறு ஒரு தொப்பி பின்னித் தபாலில் அனுப்புவதாகவும் சொன்னார். மாமி வேண்டாம் என்றார்.

"நான் மேல்பாதியைப் பிரிச்சுட்டேன். லூப் எல்லாத்தையும் ஒரு நூல்ல கோத்து வெச்சிண்டிருக்கேன். எனக்கு மூடத் தெரியாது, சொல்லிக்கொடு. இந்தத் தடவை உன்னால என் கைலேருந்து புடுங்க முடியாதோல்லியோ."

மாமி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜுவேரியாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சொல் அவரை நாள் முழுக்க உறுத்தியது. பிடுங்கினோமா என்று ஒவ்வொரு வகுப்பாக நினைத்துப் பார்த்தார். மாமியிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் அதைத்தான் செய்திருந்தார்.

பிறகு சில வாரங்கள், காலையில் தொழுகை முடிந்ததும் போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஜுவேரியா பாடம் சொன்னார். அங்கே மகள் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம். சில நாள் குழந்தை அழும், மாமி பாதியில் எழுந்து போவார். முதல் நாள் ஜுவேரியாவுக்குப் பேச்சே வரவில்லை. இப்படி, இதோ இப்படி என்று தன் கையைக் காட்டினார். போனில் அது தெளிவாகத் தெரியவில்லை. மாமி தப்பாகக் குத்தும்போதெல்லாம் இவர் விரல் திரையை நோக்கிப் போயிற்று. தன் கைகள் தாமாகச் செய்துகொண்டிருந்த வேலையை அவர் அதுவரை சொற்களில் யோசித்ததே இல்லை. குறிப்பில் எழுதுவது பின்னத் தெரிந்தவர்களுக்கான சுருக்கெழுத்து. இது வேறு.

மெல்லச் சொற்கள் கிடைத்தன. உச்சியை மூட வேண்டுமானால் சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். "இடது ஊசில முதல் ரெண்டு லூப்பைப் பாருங்க மாமி. ரெண்டுன்னு நினைக்காதீங்க. ஒண்ணுதான்னு நினைச்சு, ரெண்டையும் ஒரே குத்துல எடுங்க. அவ்வளவுதான், ஒண்ணு குறைஞ்சிடுச்சு."

ஒருநாள் மாமி ஒரு கண்ணியை நழுவவிட்டது ஜுவேரியாவின் கண்ணில் பட்டது. சொல்ல வாயெடுத்தார். மாமி முகத்தைத் தூக்காமல், "இரு, எங்கயோ போயிடுத்து, நானே தேடறேன்" என்றார். ஜுவேரியா கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பால் பொங்கும் வாசனை வந்ததும் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். மாமி அப்போதும் தேடிக்கொண்டிருந்தார். பிறகு கண்டுபிடித்து, ஊசி முனையால் ஏணி ஏற்றுவதுபோல அதை மேலே கொண்டுவந்தார். எப்படி என்று கேட்டபோது, நீ வகுப்பில் என்னுடையதை எடுத்துச் செய்ததைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்போதுதான் புரிந்தது என்றார்.

உச்சி சற்றுக் கோணலாக மூடியது. மாமி அதைப் போட்டுக்கொண்டு வாசலில் பனியில் நின்று ஒரு படம் அனுப்பினார். தொப்பி அழகாக இல்லை. ஜுவேரியா நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினார், அது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஆகஸ்டில் ஜுவேரியா நெருக்கமான பின்னலில் ஒரு தொப்பிக் குறிப்பை வெளியிட்டார். பின்னுவதற்கு நேரமாகும், விரல் வலிக்கும், ஆனால் காற்று புகாது என்று முதல் வரியிலேயே எழுதினார். அது சுமாராகத்தான் விற்றது. மென்மையான பழைய தொப்பிகளே இன்னும் அதிகம் விற்கின்றன, படத்தில் அவைதான் அழகாக இருக்கின்றன. அவற்றின் குறிப்புகளில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இலேசான குளிருக்கு மட்டும்.

வகுப்பில் அவர் யார் ஊசியையும் வாங்குவதில்லை. கை சும்மா இருக்காது என்பதால் தன் வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்கிறார். பிழையைக் கேட்டால் வாயால் சொல்கிறார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு மூன்று பேர், மேடம் முன்பு போல உதவுவதில்லை என்று தனபாலனிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள். ஒரு தொப்பி முடிய மூன்று மாதம் ஆகிறது. தனபாலன் கொஞ்சம் குறைபட்டுக்கொண்டார். இடத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முடித்தவர்களில் சிலர் அடுத்ததை வீட்டிலேயே ஆரம்பித்துக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

ஜெயலக்ஷ்மி மாமி அந்த ஆண்டு ஜூனிலேயே ஊர் திரும்பியிருந்தார். தொப்பி அவர் கையில் இல்லை. காலையில் வாசலில் பனியை வாரிப் போடும்போது மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார், அதனால் அங்கேயே விட்டுவிட்டேன் என்றார். ஆண் தலையில் அது எப்படி உட்கார்கிறது என்று ஜுவேரியாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மாமி மகளுக்குச் செய்தி அனுப்பி, குளிர்காலத்தில் எடுத்த படம் ஒன்றை வரவழைத்தார். படத்தில் மாப்பிள்ளை கையில் மண்வாரியோடு நின்றிருந்தார். ஜெர்க்கினின் கழுத்தோடு தைத்திருந்த தலைமூடியை இழுத்து நெற்றிவரை மூடியிருந்தார். தொப்பி உள்ளே எங்கோ இருந்தது.

எல்லோரும் இப்படித்தான் மேலே இன்னொன்றை மூடிக்கொள்வார்களா என்று ஜுவேரியா கேட்டார். ரொம்பக் குளிர்ந்தால் எல்லோருமே அப்படித்தான், காற்றை அதுவே தடுத்துவிடும் என்றார் மாமி. ஜுவேரியா படத்தைப் பெரிதாக்கி, அந்தத் தலைமூடிக்கும் தலைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தன் பையிலிருந்து ஊசியை எடுத்து, பேரனுக்குத் தொடங்கியிருந்த காலுறையைப் பின்ன ஆரம்பித்தார்.