தம்பியின் அறையில் நீலத் திரை

முதல் தடவை அது வந்தபோது நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் தம்பி யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, "அக்கா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டான். அவன் என்னை அந்த அறைக்குள் கூப்பிடுவதே அபூர்வம். கையில் மாவோடு ஓடினேன்.

திரை முழுவதும் நீலம். மேலே வாய் கவிழ்ந்த முகம் ஒன்று. அதற்குக் கீழே, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, மறுபடி ஆரம்பிக்கப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"என்னடா இது?"

"தெரியல. வெளையாடிக்கிட்டு இருக்கிறப்பவே நின்னுருச்சு."

அது தானாகவே அணைந்து, தானாகவே மறுபடி வந்தது. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "கரண்ட் பிரச்சின மச்சான்" என்று அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் சொன்னான். நான் அடுப்படிக்குத் திரும்பியபோது ரொட்டி கருகிப் போயிருந்தது.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் லயம் எங்களுடையது. அப்பா இறப்பதற்கு முன் எங்கள் வீடான காம்பராவோடு சேர்த்துப் பலகையும் தகரமும் வைத்து ஓர் அறை இறக்கியிருந்தார். அதுதான் தம்பியின் அறை. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். நான் பதுளை டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். தம்பி ஏ.எல். பரீட்சை முடித்ததும் கொழும்புக்குப் போய் ஒரு போன் கடையில் சேர்ந்தான். ஒன்றரை வருடம் இருந்தான். ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். தோளில் உடுப்புப் பை, கையில் கம்ப்யூட்டர் பெட்டி. கொழும்பில் இருக்கும்போதே பழைய பாகங்களாகத் தேடித்தேடிச் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது.

ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டோம். "புடிக்கல" என்றான்.

அன்றைக்கு அறைக்குள் போனவன்தான். கோயிலுக்கு வருவதில்லை, மைதானத்துக்குப் போவதில்லை, கூடப் படித்தவர்கள் வந்து கூப்பிட்டால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வான். லயத்து ஆட்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் எழுந்து போகும்வரை குழாயடிக்குக்கூடப் போகமாட்டான். ஆனால் சாயங்காலமானால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆடுவான். மட்டக்களப்பில் ஒருவன், மன்னாரில் ஒருவன், மலேசியாவில் ஒரு பெண். நேரில் பார்த்திராத நாலைந்து பேர் ஒரே அணியாக ஆடுவார்கள். பலகைச் சுவர் வழியாக அவன் சிரிப்பது கேட்கும். எங்களோடு சிரிக்கவில்லை என்றாலும் சிரிக்கிறானே என்று நான் ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

அந்த நீலத் திரை அதற்கும் வினையாக வந்தது.

முதலில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்தது. பிறகு ஒரே நாளில் பல தடவை. எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. முழுச் சாயங்காலமும் நன்றாக ஓடும். நாம் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில் வந்து நிற்கும். திரையின் அடியில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர் இருக்கும். நான் அவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாகத் தேடிப் படிப்பேன். ஒன்று மெமரியில் கோளாறு என்றது. இன்னொன்று டிரைவர் என்றது. அதே பிழைக்குப் பத்துப் பேர் பத்து வைத்தியம் எழுதியிருந்தார்கள்.

நாங்களும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். பெட்டியைத் திறந்து தூசு தட்டினோம். ரேம் பலகைகளைக் கழற்றி, அழிறப்பரால் அவற்றின் பல்லைத் தேய்த்து மாட்டினோம். ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினோம், பிறகு மற்றதை மட்டும் போட்டு ஓட்டினோம். விண்டோஸை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டோம். அது நடந்த மறுநாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவன் அடுப்படிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் வேலை முடிந்து வந்தேன். அறையில் விளக்குப் போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"மறுபடி வந்துச்சா?"

"விடுக்கா."

"நாளைக்கு வேற ஏதாச்சும் பாப்போம்டா."

"எத்தனய பாக்கிறது? டீம்ல வேற ஒருத்தன போட்டுட்டாங்க. பாவம், அவங்க எத்தன தடவ காத்துக்கிட்டு இருப்பாங்க?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கடையில் வாடிக்கையாளரிடம் சரக்கு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். அந்த வாரம் முழுக்க அவன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சோற்றைப் பாதி தின்று மூடி வைப்பான். கொல்லையில் புல்லுக்கு அடிக்க வைத்திருந்த மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் கொடுத்து வைத்தேன். ஏன் என்று அந்த அக்கா கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் அடுப்பை ஊதிக்கொண்டே அம்மா சொன்னார்: "நான்தான் புள்ள மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"அந்தப் பொட்டி ஒடஞ்சு போவணும்னு. அது ஒடஞ்சாதான் இவன் வெளிய வருவான்னு நெனச்சேன்."

"அது ஒடஞ்சு அவன் வெளிய வந்தானாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதுளையில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை இருந்தது. நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என்னென்ன செய்து பார்த்தோம், எந்தப் பாகம் எங்கே வாங்கியது என்று கேட்டால் அவனுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் காலையில், கேட்காமலேயே, பெட்டியைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

கொழும்பிலிருந்து வந்த பிறகு அவன் பஸ் ஏறுவது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்களும் ஏறி பஸ் நிறைந்தது. அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. குளிர் இன்னும் விடாத காலை அது.

"அக்கா, எறங்கிருவோம்."

"இந்த எடத்துல எறங்கி எங்கடா போறது? அதத் தூக்கிக்கிட்டு எப்பிடி நடக்கிறது?"

பெட்டியைப் பார்த்தான். அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பதுளை வரும்வரை நிமிரவில்லை. நான் அவன் முதுகில் கை வைத்திருந்தேன்.

திருத்துகிற ஆள் சிங்களவர், என் வயதுதான் இருக்கும். எனக்காகத் தமிழில் பேச முயற்சி செய்தார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்டதும் தம்பி சிங்களத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தான். தடங்கலே இல்லாமல் பேசினான். ஒன்றரை வருடத்தில் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கடைக்காரரும் அவனை "மல்லி, மல்லி" என்று கூப்பிட்டு, சொந்தத் தம்பியிடம் கேட்பதுபோல விவரம் கேட்டார். கடைசியில், எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார். தம்பி தரையைப் பார்த்தான். நான் குறுக்கே புகுந்து, எப்போது வந்து எடுக்கலாம் என்று கேட்டேன்.

இரண்டு நாள் அங்கே ஓடியது. பெரிய பெரிய கேம்களைப் போட்டு, விடாமல் ஓட்டிப் பார்த்தாராம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் போய் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு போர் நடந்துகொண்டிருக்கும். நீலத் திரை வரவேயில்லை.

"மெஷின்ல பிழை ஒண்ணும் இல்ல நங்கி" என்று தங்கச்சிக்குச் சொல்வதுபோலச் சொன்னார் கடைக்காரர். அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வயர்களைப் பூட்டினோம். பிளேன்டீ ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைக் குடித்து முடிப்பதற்குள் திரை நீலமானது.

அவன் கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எனக்கு மட்டும்தான் இப்பிடி நடக்குது, எனக்கு மட்டும்தான்" என்று கட்டில் சட்டத்தைக் குத்தினான். அடுத்த காம்பராவில் ரேடியோவை நிறுத்தினார்கள். அம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

அவன் அடங்கும்வரை நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அங்கே வரவில்லை, இங்கே வருகிறது என்றால், இங்கே இருக்கிற, அங்கே இல்லாத சாமான் எது? கேட்டேன். நானே சொல்லிக்கொண்டு போனேன். நம் கரண்ட். நம் திரை. கீபோர்ட், மௌஸ், ஹெட்செட். நாம் கடைக்குக் கொண்டுபோனது பெட்டியை மட்டும்தான்.

"டொங்கிள்" என்றான் அவன், சுவரைப் பார்த்தபடியே.

கம்ப்யூட்டருக்கு வைஃபை எடுத்துக் கொடுக்கும் கட்டைவிரல் அளவுச் சாமான் அது. எங்கள் லயத்தில் முன்பக்க ஜன்னலில் வைத்தால்தான் ரவுட்டருக்குச் சிக்னல் கிடைக்கும். பின்னால் இருக்கும் அவன் அறைக்கு இன்டர்நெட் அந்த டொங்கிள் வழியாகத்தான் வந்தது. கடையில் அது இல்லை. அங்கே வயரில் நேராகக் கொடுத்திருந்தார்கள்.

"அப்ப அதக் கழட்டிட்டு ஓட்டிப் பாரு" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்டா?"

"அது இல்லாம யாரோட வெளையாடுறது? தனியா ஒக்காந்து வெளையாட எனக்கு என்னத்துக்கு இது?"

மூன்று நாள் அவனுக்கும் எனக்கும் இதே பேச்சுத்தான். இரண்டே இரண்டு நாளைக்கு என்று கேட்டேன். அதைக் கழற்றினால் பிறகு நானும் அம்மாவும் திரும்ப மாட்ட விடமாட்டோம் என்று அவன் நினைத்தான். அதை வெளிப்படையாகவே சொன்னான். அம்மாவின் வேண்டுதல் அவனுக்குத் தெரிந்திருந்தது. பலகைச் சுவரில் சத்தம் இரண்டு பக்கமும்தான் கேட்கும்.

கடைசியில் அவனே கழற்றி என் கையில் தந்தான். "நீயே வச்சிரு. அம்மாகிட்ட குடுக்காத" என்றான். என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் தனியாக ஒரு லாரி ஓட்டும் கேமை ஆடிக்கொண்டிருந்தான். யாருமில்லாத பாதையில் லாரி போய்க்கொண்டே இருந்தது. நான் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். மலிவான டொங்கிள்களின் டிரைவர் சில நேரம் இப்படிச் செய்யும், எல்லாவற்றையும் கேட்டும் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அவர் தலையில் தட்டிக்கொண்டார். நீளமாக ஒரு நெட்வேர்க் வயரை வெட்டி, இரண்டு நுனியிலும் முனை பூட்டித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதை முன் ஜன்னலிலிருந்து கூரைக் கம்பு வழியாகக் கொண்டுபோனோம். அவன் மேசைமேல் ஏறி நின்று கட்டினான், நான் கீழிருந்து நீட்டினேன். வயர் அம்மாவின் சாமிப் படத்துக்கு மேலாகப் போக வேண்டியிருந்தது. அம்மா படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த நீலத் திரை வரவில்லை. அணியிலும் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்ட முதல் சாயங்காலம், கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் புள்ள அத நல்லாக்கின? இனி எப்பிடி வெளிய வருவான்?"

நான் சாக்கின் மறுமுனையைப் பிடித்து மடித்தேன். இன்றைக்கும் அவன் வேலைக்குப் போகிறானா என்றால், இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு தடவை, உன் மல்லியை இங்கே அனுப்பேன், கூடமாட உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். வந்து சொன்னேன். "பாப்போம்" என்றான். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மருந்துப் போத்தல் இன்னும் பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறது.

போன மாதம் கடும் காற்றில் சவுக்கு மரம் விழுந்து வயர் அறுந்து, தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. காலையிலிருந்து மழை. தம்பிக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் அடுப்படிக்கு வந்து, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவனாகவே பேசினான்.

"கொழும்புல அந்தக் கடையில என்னை யாருமே பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. தோட்டத்துல இருந்து வந்தவன்னு, தோட்டக்காட்டான்னுதான் கூப்புடுவாங்க. மொதலாளியும் அப்பிடித்தான். மொதல்ல சும்மா பகிடிக்குன்னு நெனச்சேன்."

அம்மாவின் கை நின்றது. நான் கண்ணால் சாடை காட்டினேன், மறுபடி வெங்காயத்தை வெட்டினார்.

"ஒருநாள் ஒரு புது போன் காணாமப் போச்சு. எல்லாரும் நிக்கிறாங்க. என்னோட பையை மட்டும் கொண்டாந்து, கஸ்டமர்மாருக்கு முன்னுக்கே கொட்டி…"

அந்த நேரம் தலைக்கு மேல் பல்ப் எரிந்தது. பக்கத்துக் காம்பராவில் டிவி சத்தம் கேட்டது. லயம் முழுக்கப் பிள்ளைகள் கத்தினார்கள். தம்பி நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். பாதி சீவிய கிழங்கைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டான், கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"பொறவு?" என்றார் அம்மா.

"பொறவு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டான். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.