லெமோனியாவின் முழுக்கு

கிரேக்க நாட்டுச் சிஃப்னோஸ் தீவில் கோடை வந்துவிட்டால், எதிர்ப்படுகிறவர்கள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: இந்த வருஷம் கடலில் எத்தனை முழுக்கு? ஆகஸ்டு முடியப்போகிறது, லெமோனியா இன்னும் கால் விரலைக்கூட நனைக்கவில்லை. துறைமுகத்துக்கு மேலே, அப்பா விட்டுப்போன வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுகிறவளுக்குக் கடல் என்பது, காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவே தெரிகிற நீலம். அவ்வளவுதான்.

வந்து தங்குகிறவர்களை மரியாதைக்கு விருந்தாளி என்கிறோம். அவர்களுக்கு மூன்றே கேள்வி: எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எங்கே குளிப்பது? லெமோனியாவின் வாய் தானாகவே ஓடும். பாறைமேல் வெள்ளைத் தேவாலயம், வெயில் தாழப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கொண்டைக்கடலை, விட்டுவிடாதீர்கள். வாத்தி விரிகுடா, அலையே இருக்காது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

அக்கா கல்லிரோயி பிரேயஸ் நகரத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வாரம் ஆகிறது. அறையெல்லாம் நிரம்பிவிட்டதால் அடுக்களையில் மடக்குக் கட்டில். ஊருக்குத் திரும்பும் ஞாயிறு காலையிலாவது இருவரும் வாத்திக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டு, மணலில் உட்கார்ந்து கொண்டைக்கடலை சாப்பிடுவதாகப் பேச்சு. போன வருஷமும் இதே பேச்சுதான். இந்த முறை லெமோனியா சனிக்கிழமை சாயங்காலமே மண்சட்டியில் கடலையும் வெங்காயமும் எண்ணெயும் போட்டு, ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். ஊரே அப்படித்தான் வைக்கும். காலைப் பூசை முடிந்ததும் அவரவர் சட்டியை எடுத்துக்கொள்வார்கள்.

விடிந்ததும், கடல் பார்த்த அறையில் தங்கியிருந்த பெண் லெமோனியாவைப் படியில் மறித்தாள்.

"அந்தக் கொண்டைக்கடலை எங்க கிடைக்கும்? இன்னைக்குக் கிளம்புறோம். சாப்பிடாமப் போக மனசே இல்ல."

"ரொட்டிக்கடையில என் சட்டி இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள் லெமோனியா. சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

"சட்டியையும் தாரை வாத்தாச்சா?" என்றாள் கல்லிரோயி. "போகட்டும். தண்ணி அங்கேயேதான இருக்கு, கிளம்புடி."

"இரு அக்கா, அந்த ரூமை மட்டும் துடைச்சிட்டு வந்துடறேன். உன்னை ஏத்திட்டுப் போற கப்பல்லதான் புது ஆளுங்க வர்றாங்க."

"ஊரு உலகமெல்லாம் வந்து உன் கடல்ல குளிக்குது. எனக்கு வருஷா வருஷம் உன் முதுகுதான்."

லெமோனியா வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஒரு அறை இரண்டாயிற்று, கழிவறைக் குழாய் ஒழுகியது, கப்பலும் ஊதிவிட்டது.

துறையில் இடுப்பு விட்டுப்போகிற வலி. அக்காவின் கன்னத்தில் முத்தமிட்டாள். களைப்பில் வாய் பழகிய தடத்திலேயே ஓடியது.

"அடுத்த வருஷமும் கண்டிப்பா வாங்க. கடல் பார்த்த ரூமை உங்களுக்கே வெச்சிருக்கேன்."

கல்லிரோயி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் பொறந்ததே அந்த ரூம்லதான்டி."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தோடு ஏறிப்போனாள். லெமோனியாவுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

புது விருந்தாளிகள் பைகளோடு பக்கத்தில் வந்து நின்றார்கள். "இங்க எங்க குளிச்சா நல்லா இருக்கும்?"

லெமோனியா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.